முன்னால் இழுப்பதா, பின்னால் தள்ளுவதா?

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், மொரப்பூருக்கும் திருப்பத்தூருக்கும் இடையே சாமல்பட்டி என்னும் நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். அந்த நடைமேடையில் நின்று ஒரு ரயில் புறப்படுவதைப் பாருங்கள். எஞ்சின் முன்னே நின்று இழுக்கிறது. பெட்டிகள் பின்னே வருகின்றன. நிலையத்துக்கு வெளியே சாலைக்கு வந்தால், மாடும் வண்டியை முன்னாலிருந்தே இழுக்கிறது. ஆனால் கல் ஏற்றிச் செல்லும் லாரியை அதன் பின்சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போகின்றன. ஆட்டோ ரிக்ஷாவும் அப்படியே. காரைப் பற்றி மட்டும் பார்த்த மாத்திரத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. அதன் எஞ்சின் பெரும்பாலும் முன்னால்தான் இருக்கும். ஆனால் அந்த எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறதா, பின்சக்கரங்களைச் சுழற்றுகிறதா என்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பழைய அம்பாசிடர் ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினிலிருந்து புறப்பட்ட நீண்ட உருக்குக் குழாய் ஒன்று காரின் நடுவழியே பின்னோக்கிச் செல்வதைக் காணலாம். பட்டறைகளில் இதனை ப்ரொப்பெல்லர் ஷாஃப்டு என்பார்கள். அது பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டையான இரும்புக் கூட்டுக்குள் நுழைந்து, பற்சக்கரங்களின் வழியே பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இது பின்சக்கர இயக்கம். மாருதி 800 காரின் அடியில் இந்தக் குழாயைத் தேடினால் கிடைக்காது. எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்தே இரண்டு குட்டைத் தண்டுகள் இடமும் வலமுமாகப் பிரிந்து முன்சக்கரங்களைச் சேர்கின்றன. இது முன்சக்கர இயக்கம்.

நம் நாட்டில் முன்சக்கர இயக்கம் 1983ஆம் ஆண்டு மாருதியோடு வந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். கார்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அதில் பெரிய தவறில்லை. ஆனால் சாலையில் ஓடுவன கார்கள் மட்டுமா? மாருதிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே முன்சக்கரத்தால் இழுக்கப்பட்ட வண்டிகள் நம் சந்தைகளுக்கு மூட்டை சுமந்து வந்தன. அவற்றின் பெயரை நாம் இன்றும் நாள்தோறும் சொல்கிறோம்: டெம்போ. அந்நாளில் சரக்கை முன்சக்கரம் இழுத்தது. காரில் சென்றவர்களைப் பின்சக்கரம் தள்ளியது. இன்றோ நிலைமை தலைகீழ். பெரும்பாலான சிறு கார்கள் முன்சக்கரத்தால் ஓடுகின்றன. சரக்கு வண்டிகள் பின்சக்கரத்தால் ஓடுகின்றன. இந்த இடமாற்றம் எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம்.

முதல் வண்டியே முன்சக்கர வண்டி

முன்சக்கர இயக்கத்தைப் புதுமை என்று சொல்வோர் வரலாற்றில் மிகவும் பின்னோக்கிப் போக வேண்டும். பிரெஞ்சுப் படையின் பொறியாளர் குன்யோ, பீரங்கிகளை இழுப்பதற்காக 1769-70ஆம் ஆண்டுகளில் ஒரு நீராவி வண்டி கட்டினார். தானே இயங்கும் சாலை வண்டிகளில் இதுவே முதலாவது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மூன்று சக்கரங்கள். கொதிகலனும் உருளைகளும் முன்சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. அந்த ஒற்றை முன்சக்கரமே வண்டியை இழுத்தது. திருப்பும்போது அண்டா போன்ற கொதிகலன் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஓட்டியவர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அவ்வண்டி பாரிஸ் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இன்றும் இருக்கிறது.

குன்யோவின் வண்டியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இயக்கும் சக்கரமே திரும்பும் சக்கரமாகவும் இருக்குமானால், நிலையாக நிற்கும் எஞ்சினிலிருந்து, திரும்பித் திரும்பி நிற்கும் சக்கரத்துக்குச் சுழற்சியை எப்படிக் கொண்டு செல்வது? குன்யோ எஞ்சினையே சக்கரத்தோடு திருப்பிவிட்டார். அது வேகம் குறைந்த வண்டிக்குச் சரி. காருக்கு ஆகாது.

கோணலான இரு தண்டுகளை இணைத்துச் சுழற்ற ஒரு மூட்டு முன்பே இருந்தது. சிலுவை வடிவத் துண்டின் நான்கு முனைகளில் இரண்டை ஒரு தண்டும், மற்ற இரண்டை இன்னொரு தண்டும் பிடித்துக்கொள்ளும். 16ஆம் நூற்றாண்டின் கார்டானோ என்ற இத்தாலியர் பெயராலும், 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் பெயராலும் இதனை அழைப்பர். நம் பட்டறைக்காரர்களுக்கு இது வெறும் ‘கிராஸ்’. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முனைகளில் இருப்பது இதுதான்.

இந்தக் கிராஸிடம் ஒரு குறை உண்டு. நேராக இருக்கும்போது அது ஒழுங்காகச் சுழலும். கோணலாக்கிவிட்டால், ஒரு பக்கத்தை எவ்வளவு சீராகச் சுழற்றினாலும் மறுபக்கம் விட்டு விட்டு விரைந்தும் தயங்கியும் சுழலும். 30 பாகைக் கோணத்தில் நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் ஒரு தண்டைச் சுழற்றுவதாகக் கொள்வோம். மறுதண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறத்தாழ 87 ஆகக் குறையும். இருமுறை 115 ஆக உயரும். சராசரி என்னவோ 100தான். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு திருப்புவளையத்தைப் பிடித்திருக்கும் கைகளில் உதறலாக வந்து சேரும்; மூட்டும் விரைவில் தேய்ந்துபோகும். பின்சக்கர வண்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மிகச் சிறிது. 5 பாகைக் கோணத்தில் வேக மாறுதல் நூற்றில் அரைப் பங்கு கூட இல்லை. அதோடு, இரு முனையிலும் இரு கிராஸ்களைச் சரியான நிலையில் பொருத்தினால் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்துவிடும். கார்கள் பல பத்தாண்டுகள் பின்சக்கரத்தோடே நின்றதற்கு, பின்னாலிருந்து தள்ளுவது சிறந்தது என்று யாரோ ஆராய்ந்து முடிவு செய்தது காரணமன்று. திரும்பும் சக்கரத்துக்கு ஏற்ற மூட்டு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

1920களில் விடை கிடைத்தது. பிரான்சில் கிரெகுவார் என்பவர் ‘டிராக்டா’ என்னும் மூட்டைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனிப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஜெப்பா ஒரு மூட்டை அமைத்தார். கிண்ணம் ஒன்றுக்குள் ஓர் உருண்டை. இரண்டிலும் வெட்டப்பட்ட ஆறு பள்ளங்கள். பள்ளங்களில் ஆறு உருக்குக் குண்டுகள். தண்டுகள் எக்கோணத்தில் நின்றாலும் குண்டுகள் ஆறும் அக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். ஆகையால் இருபுறமும் ஒரே வேகம். இதனைச் சமவேக மூட்டு எனலாம். பட்டறையில் சி.வி. ஜாயிண்டு என்று கேட்டால் கிடைக்கும்.

கம்பெனியை விழுங்கிய கார்

1934ஆம் ஆண்டு பிரான்சின் ஆந்த்ரே சித்ரோவன், முன்சக்கர இயக்கம் கொண்ட காரைப் பெருமளவில் உற்பத்தி செய்து விற்க முனைந்தார். ‘முன் இழுப்பு’ என்ற பொருள்படவே அக்காரை மக்கள் அழைத்தனர். தனிச் சட்டம் இல்லாத ஒரே கூடான உடல், தாழ்ந்த தரை எனப் பல புதுமைகளை ஒரே சமயத்தில் புகுத்தினார். செலவு கைமீறிப் போயிற்று. தொடக்கத்தில் வெளிவந்த வண்டிகளில் மூட்டுகள் தொல்லை கொடுத்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே கம்பெனி நொடித்தது. டயர் உற்பத்தியாளரான மிஷலின் அதனை ஏற்றுக்கொண்டது. 1935 ஜூலையில் சித்ரோவன் மறைந்தார். அவரை நொடிக்கச் செய்த கார் 1957 வரை உற்பத்தியில் இருந்தது. ஏழரை இலட்சத்துக்கு மேல் விற்றது.

அடுத்த பெரும் மாற்றத்துக்குத் தூண்டுகோல் எண்ணெய். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சிறிய எஞ்சின் கொண்ட, ஆனால் நால்வர் அமரக்கூடிய கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் அலெக் ஐசிகோனிஸ் என்னும் பொறியாளரிடம் கேட்டது. அவர் எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்தார். அதாவது காரின் நீளவாக்கில் இருந்த எஞ்சினை அகலவாக்கில் திருப்பினார். கியர்ப்பெட்டியை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். ஜெப்பா வகை மூட்டுகள் முன்சக்கரங்களை இணைத்தன. 1959 ஆகஸ்டில் வெளிவந்த அந்த ‘மினி’ காரின் நீளம் 10 அடிதான். ஆயினும் அதில் ஐந்தில் நான்கு பங்கு இடம் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டு இல்லாமையால் அது செல்வதற்கான நடுமேடும் தேவைப்படவில்லை. அம்பாசிடரின் பின் இருக்கையில் நடுவே அமர்ந்து, காலை எங்கே வைப்பது என்று விழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இத்தாலியின் ஃபியட் கம்பெனியில் தாந்தே ஜகோசா இன்னொரு படி சென்றார். குறுக்கே கிடக்கும் எஞ்சினின் பக்கத்திலேயே, அதே வரிசையில் கியர்ப்பெட்டியை அவர் வைத்தார். அதனால் சக்கரத் தண்டுகளில் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் அமைந்தது. 1964இல் ஃபியட்டோடு தொடர்புடைய ஆட்டோபியாங்கி கம்பெனியின் காரிலும், 1969இல் ஃபியட் 128 காரிலும் இது வந்தது. உலகத்தின் சிறு கார்கள் பெரும்பாலும் பின்பற்றியது இந்த அமைப்பைத்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐசிகோனிஸ், மினிக்கு முன்னர் மோரிஸ் மைனர் என்ற பின்சக்கரக் காரை வடிவமைத்தவர். அது நம் நாட்டில் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் ஓடியது. ஜகோசா தலைமையில் உருவான ஃபியட் 1100 கார்தான் பின்னர் பிரீமியர் பத்மினி ஆயிற்று. முன்சக்கரக் காரை உலகுக்குத் தந்த இருவரின் பழைய பின்சக்கரக் கார்கள் இந்தியச் சாலைகளில் ஓடின. அவர்களது புதிய எண்ணம் மட்டும் வெளியே நின்றது.

நம் சாலைகளில்

1983 வரை நம்மிடம் இருந்த கார்களை எண்ணுவது எளிது. உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. மூன்றும் பின்சக்கர இயக்கமே. ஓசூருக்கு அடுத்த வீடான பெங்களூரில் சிபானி கம்பெனி 1980களில் கட்டிய ‘டால்ஃபின்’ என்ற சின்னஞ்சிறு கண்ணாடியிழைக் காரும் பின்சக்கரத்தாலேயே ஓடியது.

இவற்றுள் சென்னைக் காருக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் கட்டிய ஹெரால்டில், அம்பாசிடரைப் போன்ற ஒரே முழு அச்சு பின்னால் கிடையாது. பற்சக்கரக் கூடு சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்க, இரு அரை அச்சுகளும் பறவையின் சிறகுகள்போல் தனித்தனியே மேலும் கீழும் அசையும். குண்டும் குழியுமான சாலையில் இது வசதி. ஆனால் வளைவில் விரைந்து சென்று திடீரென வேகத்தைக் குறைத்தால் சிறகு மடங்குவதுபோல் பின்சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து பிடிப்பை இழக்கக்கூடும். 1972இல் வந்த கெஸல் என்ற அதன் அடுத்த வடிவத்தில் கம்பெனியார் சிறகுகளை நீக்கி, ஒரே முழு அச்சையே பொருத்திவிட்டனர்.

இனி டெம்போவுக்கு வருவோம். 1958இல் புனேயைச் சேர்ந்த பஜாஜ் டெம்போ கம்பெனி, ஜெர்மனியின் விடால் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மூன்று சக்கரச் சரக்கு வண்டியைக் கட்டத் தொடங்கியது. அதன் மூக்கு முன்னே நீண்டிருக்கும். அந்த மூக்குக்குள் இரு வீச்சு எஞ்சின் ஒன்று ஒற்றை முன்சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். சங்கிலி வழியே அச்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் திரும்பினால் தானும் திரும்பும். குன்யோவின் ஏற்பாடேதான்! சமவேக மூட்டு வேண்டாம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டு வேண்டாம், பின்னால் பற்சக்கரக் கூடு வேண்டாம். பின்சக்கரங்கள் இரண்டும் மாட்டு வண்டிச் சக்கரங்களைப்போல் வெறுமனே உருளும். மலிவு, எளிமை, தாழ்வான தளம். குறுகிய கடைத்தெருவில் தானியமும் காய்கறியும் கொண்டு செல்ல அது போதுமானதாயிருந்தது. இன்று எத்தனையோ கம்பெனிகளின் சரக்கு வண்டிகளை நாம் ‘டெம்போ’ என்கிறோமே, அப்பெயர் இதிலிருந்து வந்தது.

அதே கம்பெனி 1960களின் இறுதியில் மேட்டடார் என்ற நான்கு சக்கர வேனைக் கொண்டுவந்தது. ஜெர்மன் வடிவமைப்பு, பின்னாளில் மெர்சிடஸ்-பென்ஸ் வகை டீசல் எஞ்சின். இதுவும் முன்சக்கர இயக்கமே, ஆனால் முறையான மூட்டுகளோடு. தளத்துக்கு அடியில் சுழலும் தண்டு எதுவும் இல்லாமையால் தளத்தை நன்கு தாழ்த்த முடிந்தது. மூட்டையைத் தோளிலிருந்து இறக்குபவருக்கு அரையடி உயரம் குறைந்தாலும் அது பெரிய காரியமன்றோ? கிராமத்துத் திருமணங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற மேட்டடார் வேன்களைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் அதனை முன்சக்கர வண்டி என்று அறிந்திருந்தனர் என்பது வேறு.

ஏற்றத்தில் ஒரு கணக்கு

அவ்வளவு வசதியான ஏற்பாடு சரக்கு வண்டியில் ஏன் நிலைக்கவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டால் விளங்கும்.

வண்டியை நகர்த்துவது எஞ்சின் என்று சொன்னாலும், உண்மையில் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வே நகர்த்துகிறது. இயக்கும் சக்கரத்தின் மீது எவ்வளவு எடை அழுந்துகிறதோ அவ்வளவுக்கு உராய்வு கிடைக்கும். சாமல்பட்டியில் நிற்கும் ரயில் எஞ்சினை அத்தனை கனமாகக் கட்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது 700 கிலோ எடையுள்ள (ஓட்டுநர் உட்பட) சிறு கார் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். எஞ்சின் முன்னால் இருப்பதால் 420 கிலோ முன்சக்கரங்கள் மீதும் 280 கிலோ பின்சக்கரங்கள் மீதும் நிற்கிறது. மழையில் நனைந்த செம்மண் பாதை. எட்டுக்கு ஒன்று என்ற ஏற்றம். அதாவது 8 அடி சென்றால் 1 அடி உயரும். அந்த ஈரமண்ணில் சக்கரத்தின் மேலுள்ள எடையில் கால் பங்குதான் பிடிப்பாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். காரை மேலே ஏற்ற எடையில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 88 கிலோ இழுவிசை வேண்டும். ஏற்றத்தில் கொஞ்சம் எடை பின்னுக்குச் சாயும். சக்கரங்களுக்கு இடையேயுள்ள தொலைவில் கால் பங்கு உயரத்தில் எடைமையம் இருக்குமானால், இந்த ஏற்றத்தில் சாயும் எடை சுமார் 22 கிலோ. ஆகவே முன்சக்கரங்கள் மீது 398, பின்சக்கரங்கள் மீது 302. முன்சக்கரங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறத்தாழ 100 கிலோ. பின்சக்கரங்களுக்கு 76 கிலோ. முன்சக்கரத்தால் இயங்கினால் கார் ஏறிவிடும். பின்சக்கரத்தால் இயங்கினால் சக்கரம் வழுக்கி நின்றுவிடும்.

அதே காரில் பின் இருக்கையில் ஆட்களையும் டிக்கியில் மூட்டையையும் சேர்த்து 200 கிலோ ஏற்றுங்கள். மொத்தம் 900. ஏற்றிய எடை பெரும்பாலும் பின்னால் இறங்குவதால் முன்னும் பின்னும் 450 ஆகிவிடுகிறது என்று கொள்வோம். தேவையான இழுவிசை இப்போது 112 கிலோவுக்குச் சற்று மேல். சாயும் எடை 28 கிலோ. முன்னால் 422, பின்னால் 478. பிடிப்பு முன்னால் 105, பின்னால் 119. இப்போது முடிவு மாறிவிட்டது! முன்சக்கர இயக்கம் ஏறாமல் திணறும். பின்சக்கர இயக்கம் ஏறிவிடும்.

ஒரே கார், ஒரே பாதை, சுமைதான் வேறு. காலியாக ஏறிய ஏற்றத்தில் பாரத்தோடு ஏற மறுக்கும் முன்சக்கரக் காரைப் பழைய ஓட்டுநர்கள் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் ஏற்றுவது உண்டு. அப்போது இயக்கும் சக்கரங்கள் தாழ்ந்த பக்கத்துக்கு வந்துவிடுவதால் சாயும் எடை அவற்றின் மேல் விழுகிறது. தந்திரமாகத் தோன்றினாலும் மேலே கண்ட கணக்குத்தான் அது.

இனி லாரியைப் பாருங்கள். இரண்டு அச்சு லாரிக்கு 2018 வரை நம் சட்டம் அனுமதித்த மொத்த எடை 16.2 டன். அதில் முன் அச்சுக்கு 6 டன், பின் அச்சுக்கு 10.2 டன். கிருஷ்ணகிரிப் பகுதியில் கருங்கல் ஏற்றும் லாரியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருக்கும்போது, முன்சக்கரத்தால் இழுப்பேன் என்று யார் முன்வருவார்? 1980இல் ஓசூரில் தொடங்கப்பட்ட அசோக் லேலண்டு தொழிற்சாலையின் லாரிகள் பின்சக்கர வண்டிகளாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறுகிறது. முன்சக்கர டெம்போவிலோ பாரம் ஏறியது பின்சக்கரங்கள் மீது. இழுக்க வேண்டிய ஒற்றைச் சக்கரத்துக்கு அதில் சிறு பங்குதான் கிடைத்தது. சமவெளிக் கடைத்தெருவுக்குப் பொருந்திய வண்டி தொப்பூர்க் கணவாய்க்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கை ஒரே தொழிற்சாலை செய்து காட்டியதுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று. மாருதியின் முதல் கார் 1983 டிசம்பர் 14 அன்று வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று உருளை எஞ்சின், குறுக்கே படுக்க வைக்கப்பட்டது; முன்சக்கர இயக்கம். மாருதிக்குத் தொழில்நுட்பம் தந்த சுசுகிக்கு இது புதிதன்று. 1955இல் அது கட்டிய ‘சுசுலைட்’ என்ற முதல் காரே முன்சக்கரக் கார்தான். மறு ஆண்டு, 1984இல், மாருதி வேன் வெளிவந்தது. பிறகு ‘ஆம்னி’ என்று பெயர் பெற்றது இதுவே. அதே 796 எஞ்சின். ஆனால் இம்முறை அது முன் இருக்கைகளின் அடியில் நீளவாக்கில் வைக்கப்பட்டுப் பின்சக்கரங்களைச் சுழற்றியது. காரில் பாரம் குறைவு, இடம் முக்கியம், ஆகவே முன்சக்கரம். வேனில் பாரம் பின்னால், ஆகவே பின்சக்கரம். எஞ்சினை மாற்றாமல், வேலையைப் பார்த்து இயக்கத்தை மட்டும் மாற்றினார்கள்.

மூன்று சக்கர டெம்போவின் இடத்தைப் பிற்பாடு பிடித்துக்கொண்ட டாடா ஏஸ், நம்மவர் ‘குட்டி யானை’ என்பது, 2005இல் பின்சக்கர வண்டியாகவே வந்தது. 2011இல் ஓசூரிலிருந்து வெளிவந்த அசோக் லேலண்டு தோஸ்தும் அப்படியே. மேட்டடாரின் கம்பெனியே 1987இல் கொண்டுவந்த டிராவலர் வேனைப் பின்சக்கரத்துக்கு மாற்றிவிட்டது. சரக்கு வண்டியில் முன்சக்கர இயக்கத்தின் கதை அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. காரில் அது பரவத் தொடங்கியது.

வளைவில் நடப்பது

டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு, திரும்புவதற்கு, நிறுத்துவதற்கு என மூன்று செலவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். முன்சக்கரக் காரில் முன் டயர்கள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வளைவில் வேகம் மிகுந்தால் சம்பளம் போதாமல் போகிறது. கார் நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கமாக நேரே செல்லப் பார்க்கிறது. பயந்துபோன ஓட்டுநர் இயல்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். பெரும்பாலும் அதுவே சரியான செயலாக அமைந்துவிடுகிறது. பின்சக்கரக் காரில் அதிகமாக அழுத்தினால் வால்புறம் வெளியே வழுக்கும். காரின் மூக்கு உட்பக்கமாகத் திரும்பிவிடும். அதனைத் திருத்த, வழுக்கும் திசையிலேயே திருப்புவளையத்தைத் திருப்ப வேண்டும். புதிதாக ஓட்டுபவருக்கு அந்த நேரத்தில் அது தோன்றுவதில்லை. மழைக்காலத்தில் மலைச்சாலையில் செல்பவருக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தியன்று.

இவ்விடத்தில் ஒன்று. முன்சக்கரக் காருக்கு இரண்டு புதிய டயர்கள் மட்டும் வாங்கினால் அவற்றை முன்னால் போடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. டயர் வல்லுநர்கள் பின்னால் போடவே சொல்கின்றனர். தேய்ந்த டயர் முன்னால் வழுக்கினால் ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். பின்னால் வழுக்கினால் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பட்டறையில் வந்த மாற்றம்

மாருதி பரவியபோது பட்டறைகளில் வேலையின் இடமே மாறியது. அம்பாசிடருக்குக் கிராஸ் மாற்றியும், கிரவுன்-பினியன் சரிசெய்தும் பழகிய கைகளுக்குக் காரின் பின்பாதியில் வேலை இல்லாமல் போயிற்று. எல்லாம் மூக்குக்குள் அடைந்துவிட்டன. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் சக்கரத் தண்டுகளையும் கழற்ற வேண்டும். சமவேக மூட்டோ பட்டறையில் திருத்தக்கூடிய பொருளன்று. போனால் மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் அம்மூட்டு தானாகக் கெடுவது அரிது. மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று அதனை மூடியிருக்கிறது, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் சிதறி வெளியேறும். செம்மண்ணும் கல்தூளும் உள்ளே புகும். குண்டுகளும் பள்ளங்களும் தேயும். திருப்புவளையத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிக் காரை நகர்த்தும்போது சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று ஒலி கேட்டால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்னரே குனிந்து உறையைப் பார்த்து மாற்றியிருந்தால் மூட்டைக் காப்பாற்றியிருக்கலாம். உறையின் விலை மூட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அம்பாசிடரும் மாருதி 800ம் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது ஒரே ஆண்டில், 2014இல். அதற்குள் முன்சக்கர இயக்கம் சிறு கார்களின் பொது வழக்காகிவிட்டது. இனி இதில் மாற்றம் இராது என்று நினைத்திருக்கும்போது மின்சாரம் வந்தது.

மின்மோட்டார் சிறியது, எந்த அச்சின் அருகிலும் பொருத்தலாம். அதற்குச் சக்தி கொண்டு செல்ல உருக்குத் தண்டு வேண்டியதில்லை, கம்பி போதும். பெங்களூரில் 2001 முதல் கட்டப்பட்ட ரேவா என்ற மின்கார் பின்சக்கரத்தால் ஓடியது. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்கார் முன்சக்கரத்தால் ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கென அமைந்த உடலில் மோட்டார் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. தொடக்கத்திலிருந்தே மின்காராக வடிவமைக்கப்பட்டு மகிந்திரா 2024 நவம்பரில் அறிமுகம் செய்த பி.இ. 6 காரில் மின்கலங்கள் தரைக்கு அடியில் பரவியிருக்கின்றன; மோட்டார் பின் அச்சில் இருக்கிறது. வேகமெடுக்கும்போது எடை பின்னுக்குச் சாயும், அச்சாய்வு பின்சக்கரத்துக்குப் பிடிப்பாகும் என்ற பழைய கணக்கே அங்கும் பயன்படுகிறது. முன்சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டும் பார்க்கின்றன. தரையின் அடியில் சுழன்று செல்ல வேண்டிய தண்டு அதில் இல்லை.